அம்மாவின் இடப்பக்க முகமும் மண்ணெண்ணெய் மோட்டார் சைக்கிளும்

கோப்பை ஒழுகுகிறது என்று அம்மா முதலில் கோப்பையை மாற்றினார். இரண்டாவதும் ஒழுகியது. மூன்றாவதோடு என்னிடம் வந்து, "தம்பி, வீட்டிலை ஒரு நல்ல கோப்பை இல்லை" என்றபோதுதான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். வாயின் இடது ஓரம் தொங்கிக்கிடந்தது. தேநீர் அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பாரிசவாதம் (மூளைக்குப் போகும் இரத்தம் தடைப்பட்டு உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது) என்றே நினைத்தேன். எங்கள் வீடு கொடிகாமத்தில். அன்று யாழ்ப்பாணத்துக்கு பஸ் இல்லை. இருந்தது என்னுடைய பழைய மோட்டார் சைக்கிள்தான். பெற்றோல் கிடைக்காத காலம் அது. சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை முடுக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவோம். "உந்தப் புகைவண்டியிலை செத்தாலும் ஏறன்" என்று சொல்லிவந்த அம்மா, அன்று ஒன்றும் சொல்லாமல் ஏறி ஒருபக்கமாக உட்கார்ந்தார். அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

ஆஸ்பத்திரியில் வைத்தியர் கேட்டது மிகச் சிறிய காரியம். "அம்மா, நெத்தியைச் சுருக்குங்கோ."

வலது நெற்றி சுருங்கியது. இடது நெற்றி ஒரு கோடும் இல்லாமல் கிடந்தது. கண்ணை மூடச் சொன்னார். இடது கண் மூடவில்லை.

"பயப்பிடாதேங்கோ. பாரிசவாதமெண்டால் பெரும்பாலும் நெத்தி ரண்டு பக்கமும் சுருங்கும். இது முகவாதம்" என்றார் (முகத்தசைகளை இயக்கும் நரம்பு வீங்குவதால் வருவது). "கனபேருக்குச் சில மாதத்திலை சுகம் வந்திடும்."

"அப்ப ஒரு பக்கம் கிழவி, மற்றப் பக்கம் குமரியோ?" என்றார் அம்மா. வைத்தியர் சிரித்தார். அம்மாவும் பாதி சிரித்தார்.

வீக்கத்தை வற்றவைக்கும் குளிசை அங்கே முடிந்திருந்தது. பருத்தித்துறையில் ஒரு மருந்துக்கடையில் இருக்கலாம், இன்றைக்கே தொடங்குவது நல்லது என்று வைத்தியர் துண்டு எழுதித் தந்தார். மூடாத கண்ணில் காற்றும் தூசியும் படக்கூடாது என்றும் சொன்னார். என் கறுப்புக் கண்ணாடியை அம்மாவுக்குப் போட்டுவிட்டேன். சேலை, திருநீறு, கறுப்புக் கண்ணாடி. பருத்தித்துறைக்குப் போகும் வழியில், நீர்வேலியில் சைக்கிளில் வந்த ஒருவர் எங்களைப் பார்த்தபடியே வேலியில் மோதினார்.

"தம்பி, மெல்லப் போ. உந்த வாழைக்குலையளைப் பாக்கவேணும்" என்றார் அம்மா. பாரிசவாதம் இல்லை என்றதும் அவருக்கு ஊர் பார்க்கும் எண்ணம் வந்துவிட்டது.

வல்லை வெளியில் ஒரு மரம்கூட இல்லை. இரண்டு பக்கமும் தண்ணீர், எதிரே காற்று. பின்னாலிருந்து அம்மா ஏதோ கத்தினார். எதிர்க்காற்றில் கத்தும்போது உதடு ஒட்டாததால் 'வ'வும் 'ப'வும் அவருக்கு வரவில்லை. "ஏகமா ஓ" என்று மட்டும் கேட்டது. கண் எரிகிறதாக்கும் என்று பதறி வண்டியை நிறுத்தினேன்.

அம்மா தொங்கிய உதட்டை இரண்டு விரலால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தெளிவாகச் சொன்னார்: "வேகமாப் போ எண்டனான்."

குளிசை கிடைத்தது. வரணி வழியாக வீடு திரும்பினோம்.

இதே முகவாதத்தோடு இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். முகத்தைவிடக் கண்ணைக் கவனியுங்கள். வைத்தியர் தரும் சொட்டு மருந்தை விடுங்கள். படுக்கும்போது இமையை மூடி, அவர் காட்டித்தந்தபடி பிளாஸ்டர் ஒட்டுங்கள். கண்ணாடியை அடிக்கடி பார்க்காதீர்கள். நரம்பு உங்களுக்காக அவசரப்படாது.

இரண்டு கிழமைக்கு ஒருமுறை வைத்தியரிடம் போனோம். குளிசை முடிந்த பிறகும், திரும்பும்போது அம்மா பருத்தித்துறை வழிதான் கேட்டார். "அந்தக் கடல்காத்து நரம்புக்கு நல்லம்." காற்றுப் படக்கூடாது என்று வைத்தியர் சொன்னதை நினைவூட்டினேன். "அது கண்ணுக்கு" என்றார்.

மூன்றாம் மாதம் வீட்டில் அவர் இரண்டு கன்னத்தையும் உப்பி விளக்கை ஊதி அணைப்பதைக் கண்டேன். அடுத்த முறை வைத்தியர் கண்ணை மூடச் சொன்னபோது, இடது கண் பாதியில் நின்றது. விளக்கு ஊதியதைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. அந்த நேரம் தாதியின் கையிலிருந்த தட்டம் தவறி விழுந்தது. அம்மாவின் இரண்டு கண்ணும் இறுக மூடின.

"உங்களுக்குச் சுகம், அம்மா. இனி வரத் தேவையில்லை."

அம்மாவின் முகம் வாடியது. இரண்டு பக்கமும் ஒரே அளவில் வாடியது.

முழுவதும் பழையபடி ஆகவில்லை. கண்ணை மூடுவதை இப்போது ஒரு வேலையாகச் செய்கிறார்: முதலில் வலது, ஒரு கணம் கழித்து இடது. அந்தக் கணம் எனக்கும் பழகிவிட்டது. தனியாக வண்டியை எடுக்கும்போதும், பின்னால் அம்மா ஏறிச் சேலையைச் செருகி முடிக்கட்டும் என்பதுபோல சற்று நிற்கிறேன். இன்னொன்று, திரும்ப வளர்ந்த நரம்பில் ஒரு பகுதி வழிமாறிப் போனதால், சாப்பிடும்போது அவருடைய இடது கண்ணில் நீர் வடியும்.

அடுத்த வருடம் அப்பாவின் திவசத்துக்குப் பெரியம்மா வந்திருந்தார். சாப்பிடும்போது அம்மாவின் கன்னத்தில் நீர் இறங்குவதைப் பார்த்து, தன் கையை நிறுத்தி, முதுகைத் தடவிக் கொடுத்தார்.

"அழாதை பிள்ளை. அவர் நல்ல இடத்திலைதான் இருப்பார்."

"நான் அழேல்லை அக்கா" என்றார் அம்மா. "கத்தரிக்காய்க் கறி நல்லா இருக்கு."