சந்தியாவுக்கு ரிலீவர் வரவில்லை

போன புதன்கிழமை காலை. அடுப்பில் ரசம் நுரை கட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து தம்பி பாலுவிடமிருந்து போன்.

"அக்கா, சந்தியாவை மறுபடியும் ஓரங்கட்டிட்டாங்க!"

குரலில் அப்படி ஒரு ஆத்திரம். அவன் ஆபீஸில் யாரோ ஒரு பெண்ணுக்கு அநியாயம் நடந்துவிட்டது போலிருக்கிறது என்று பதறிப்போய், "முதல்ல ஹெச்.ஆர். கிட்ட சொல்லுடா" என்றேன்.



"அக்கா... கன்ட்ரோல் ரூம் சந்தியா."

ஓ... அந்தச் சந்தியாவா!

பாலுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாற்பதைத் தாண்டியவன். ஐ.டி. கம்பெனியில் மேனேஜர். நாங்கள் இருக்கும் இந்தத் தெலுங்கு நகரத்தின் மேற்குக் கோடியில், ராமச்சந்திராபுரம் பக்கம் வீடு. ஆபீஸில் அவனைக் கண்டால் பயப்படுகிறவர்கள் உண்டாம். அப்படிப்பட்ட மனிதன், சின்ன வயதில் பார்த்த ஒரு சூப்பர் ஹீரோ தொடர் இப்போது புதுசாக எடுக்கப்பட்டு ஆப்பில் வருகிறது என்பதற்காக, ராத்தூக்கம் கெட்டு அலைகிறான்.

தொடரின் பெயரைச் சொல்ல மாட்டேன். ரசிகர்கள் பொல்லாதவர்கள். கதையை மட்டும் சொல்கிறேன். விக்ராந்த் என்று ஒருவர் பறப்பார். அவருக்கு ஒரு படை. படையில் சந்தியா என்று ஒரு பெண். அவளுக்குப் பறக்கத் தெரியாது, கண்ணில் நெருப்பு வராது. கன்ட்ரோல் ரூமில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, யார் எங்கே போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அவ்வளவுதான் அவள் வேலை. அப்புறம் ரோஷினி என்று ஒருத்தி வருவாள். விக்ராந்துக்குக் காதல் வரும். அத்தோடு சந்தியா கதி அதோகதி.

"கைக்குக்கா, ஏன்க்கா இப்படிப் பண்றாங்க? ஊரே எரியுது. இவன் மலை மேல நின்னுக்கிட்டு அவ முடியைக் காதுக்குப் பின்னால ஒதுக்கி விடறான். அதுவும் ஸ்லோ மோஷன்ல! சந்தியாவுக்கு முழு சீசன்லயும் ஒரே டயலாக். 'ஓகே, காப்பி தட்.' அவ்ளோதான்!"

நியாயமான கோபம்தானே? பாலத்தை ஒற்றைக் கையால் தூக்கி நிறுத்துகிறவருக்கு, ஒரு பெண்ணிடம் மனதில் இருப்பதைச் சொல்ல மட்டும் ஏன் அத்தனை எபிசோட் தேவைப்படுகிறது? அவர் தயங்கித் தயங்கி நிற்கும் நேரத்தில் மற்றவர்கள் எல்லாம் எங்கே போகிறார்கள்? சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார்களா?

ஆனால் பாலுவின் பிரச்சினை அதோடு நிற்கவில்லை. ரசிகர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் இவன் ஒரு வாதத்தை எடுத்து வைத்திருக்கிறான். பழைய தொடரில் சந்தியாவுக்கென்றே முழுசாக ஒரு எபிசோட் இருந்தது — பேய் மழை, ஆற்றில் வெள்ளம், சந்தியாவுக்கு மாற்று ஆள் வரவில்லை, தன்னந்தனியாக அவளே ஊரைக் காப்பாற்றினாள் — அதுதான் அந்தத் தொடரிலேயே உச்சம், அதை இந்தப் புது டைரக்டர் பார்த்ததே இல்லை போலிருக்கிறது, என்று.

குரூப்பில் ஒருவன் கேட்டிருக்கிறான், "எந்த எபிசோட்?"

இன்னொருவன், "அப்படி ஒண்ணு வரவே இல்லையே அண்ணா" என்று சிரிக்கிற பொம்மை போட்டிருக்கிறான்.

"ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வரேன்க்கா. பழைய தொடரும் அதே ஆப்ல வந்திருக்கு, தமிழ் டப்பிங்கோட. அம்மாவோட உக்காந்து பார்க்கலாம். அந்த எபிசோடைத் தேடிப் பிடிச்சு அவனுங்க மூஞ்சியில போடறேன் பாரு."

போனை வைத்தபோது ரசம் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. துடைக்கக் கூட எனக்குத் தோன்றவில்லை. அப்படி ஒரு எபிசோட் கிடையாது என்பது எனக்குத் தெரியும்.

எப்படித் தெரியும்?

அப்போது நாங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா செக்‌ஷன் கன்ட்ரோலர். ரயில் ஓட்டுகிறவரைப் பயணிகள் பார்க்கலாம், பச்சைக்கொடி காட்டும் கார்டைப் பார்க்கலாம். செக்‌ஷன் கன்ட்ரோலரை யாரும் பார்க்க முடியாது. ஒரு அறைக்குள் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்து, எந்த ரயில் எங்கே நிற்க வேண்டும், எது முந்திப் போக வேண்டும் என்று வழிநெடுக உள்ள ஸ்டேஷன்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவர் அவர். நாள் முழுக்கப் பேசிப் பேசி, வீட்டுக்கு வரும்போது அவரிடம் வார்த்தை எதுவும் மிச்சம் இருக்காது. சாப்பாடு, பேப்பர், தூக்கம்.

அம்மாவோ திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி நேராக இங்கே வந்தவர். ஹிந்தி கிடையாது, தெலுங்கு கிடையாது. தொடர் ஹிந்தியில் வரும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை, டிவி முன்னால், அப்பா அம்மாவுக்கு மொழிபெயர்ப்பாளர். பாலு அப்பா மடியில். அவனுக்கும் அப்போது ஹிந்தி வராது. எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஹிந்தி இருந்ததால் ஓரளவு புரியும். நான் வாயைத் திறக்க மாட்டேன். ஏனென்றால் அப்பாவின் மொழிபெயர்ப்பு, தொடரை விட நன்றாக இருக்கும்!

விக்ராந்த், ரோஷினியின் கையைப் பிடித்துக்கொண்டு "உன்னைப் பார்க்காமல் என்னால் உயிர் வாழ முடியாது" என்பார்.

"என்ன சொல்லுதான்?" என்பார் அம்மா.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "வண்டியில டீசல் தீந்துபோச்சுங்கான்" என்பார்.

காதல் வசனம் எதுவும் அப்பா வாயிலிருந்து வந்ததே இல்லை. ரோஷினி அழுதால் பல்வலி. பாட்டுப் பாடினால் ஊர் ஞாபகம். சந்தியா வந்தால் மட்டும் அப்பாவுக்கு ஒரு சுறுசுறுப்பு வரும். அவள் ஹிந்தியில் ஒரு வரி சொன்னால் இவர் தமிழில் பத்து வரி சொல்வார். "நீ லூப் லைன்லயே நில்லு, அவன் முதல்ல போவட்டும்ங்கா." பறக்கிற விக்ராந்தைப் போய், ரயில் ஒதுங்கி வழிவிடுகிற லூப் லைனில் நிறுத்திவைக்கிற மொழிபெயர்ப்பை உலகத்தில் வேறு யார் செய்திருக்க முடியும்?

சந்தியா வராத வாரங்களில் அம்மா விட மாட்டார். "அந்தப் பிள்ளைய எங்க காணும்?"

"ரெஸ்ட்டுல இருக்கா."

அடுத்த வாரமும் காணோம் என்றால், "டூட்டி மாத்திப் போட்டுட்டாங்க" என்பார் அப்பா. கதாசிரியர் மறந்துபோன பெண்ணை, எங்கள் அப்பா டியூட்டி சார்ட் போட்டுக் காப்பாற்றிவந்தார்.

பாலு சொல்கிற அந்த மழை எபிசோடும் இப்படி வந்ததுதான். திரையில் விக்ராந்தும் ரோஷினியும் மழையில் நனைந்தபடி நடந்துகொண்டே இருந்தார்கள். நடுவில் ஒரே ஒரு தடவை சந்தியா முகம் வந்து போனது. அப்பா ஆரம்பித்துவிட்டார். டியூட்டி மாற்ற வேண்டிய ரிலீவர் வரவில்லை, சீட்டை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது. பாலத்துக்குப் பக்கத்திலிருந்து யாரோ போனில் ஏதோ சொல்கிறார், பாதி கேட்கிறது, அதற்குள் லைன் போய்விடுகிறது. யாரையும் கேட்க நேரமில்லை. சந்தியா தன் பொறுப்பில் எல்லாரையும் பாலத்துக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிடுகிறாள். லேட்டாகிறது என்று எல்லாரும் அவளைத் திட்டுகிறார்கள். அவள் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுகிறாள்.

அப்பா அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. பாலு கண் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு ஹிந்தி புரிய ஆரம்பிப்பதற்குள் தொடரே முடிந்துவிட்டது. அப்பா சொன்ன கதைதான் அவனுக்குத் தொடர். அதை நம்பித்தான் இத்தனை வருஷமாகச் சந்தியாவின் ரசிகனாக இருக்கிறான்.

அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. இனிமேல் போய் அவனிடம், "அதெல்லாம் அப்பா விட்ட ரீல்டா" என்று எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டால், டிவி சொல்லிவிடும். அதுவும் தமிழில்! நான்கு நாளும் இதே யோசனை. மழை நாள், டிராஃபிக் அதிகம், வராதே என்று கூடச் சொல்லிப் பார்த்தேன். அவனா கேட்பான்?

ஞாயிற்றுக்கிழமை காலை இட்லிக்கு முன்பே, நகரத்தின் இந்தப் பக்கம் மல்காஜ்கிரியில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில் நின்றான். அம்மாவை நடு சோபாவில் உட்காரவைத்தான். ஆப்பைத் திறந்தான். பட்டியலில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து, மழைப் படம் போட்டிருந்த எபிசோடைப் பிடித்துவிட்டான்.

"ஹவ், ஆமா! இதான், இதான்! அம்மா, ஞாபகம் இருக்கா?"

அம்மா தலையை மட்டும் ஆட்டினார்.

மழை பெய்தது. விக்ராந்தும் ரோஷினியும் நடந்தார்கள். "உன் மௌனம் கூட எனக்கு ஒரு கவிதை" என்றார் விக்ராந்த், பட்டணத்துத் தமிழில். பாலு நெளிந்தான். இன்னும் நடந்தார்கள். சந்தியா முகம் வந்தது. பாலு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஹலோ... ஹலோ... சிக்னல் கிடைக்கலையே."

அவ்வளவுதான். மறுபடி மழை, மறுபடி ரோஷினி, பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

"வேற எபிசோடா இருக்கும்" என்றான். குரல் இறங்கியிருந்தது. அடுத்ததைப் போட்டான். முந்தினதைப் போட்டான். எதிலும் வெள்ளம் இல்லை. ரிமோட்டைப் பிடித்திருந்த அவன் கையைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அவன் தேடுவது எபிசோடை அல்ல என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பாவின் குரலை அல்லவா தேடிக்கொண்டிருக்கிறான்!

சொல்லிவிடலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார்.

"ஏல, அத எதுக்கு டிவியில தேடுதே? இதுல வராது. அது உங்கப்பாவுக்கு நடந்ததுல்லா."

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம். இது எனக்கே புதுசு. அப்பா கதை கட்டினார் என்று நினைத்திருந்தேனே தவிர, இப்படி நான் யோசித்ததே இல்லை.

"அந்த வாரந்தான். பெரிய மழை. டூட்டிக்குப் போனவிய மறுநா மத்தியானந்தான் வந்தாவ. சோறு போட்டேன். என்னாச்சுன்னு கேட்டேன். 'ரிலீவர் வரல'ன்னாவ. அம்புட்டுதான். ஞாயித்துக்கிழம டிவி போட்டப்புறம் மிச்சத்தச் சொன்னாவ. அப்புறமா பக்கத்து வீட்டு கார்டு பெண்டாட்டி வந்து சொன்னா, உங்க வீட்டுக்காரரு அன்னைக்கி வண்டிய நிறுத்தாட்டா என்ன ஆயிருக்குமோன்னு."

பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்ட ரயிலுக்கு யார் மாலை போடுவார்கள்? ஒன்றுமே நடக்கவில்லையே! லேட் என்று திட்டியிருப்பார்கள். அத்தனை பேரும் பத்திரமாக வீட்டுக்குப் போய், சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்பார்கள்.

"அம்மா, உனக்கு அப்ப ஹிந்தி தெரியாதே? அப்பா சொன்னது தொடர்ல இல்லன்னு எப்படித் தெரியும்?" என்றேன்.

"ஏன் தெரியாது? காய்க்காரன்கிட்ட நித்தம் ஹிந்தியில நக்கோ நக்கோன்னு மல்லுக்கட்டுனவளுக்கு, டிவியில அவன் அவகிட்ட ஆசையாப் பேசுதது புரியாதாக்கும்?"

"அப்புறம் ஏம்மா ஒவ்வொரு வாட்டியும் என்ன சொல்றான், என்ன சொல்றான்னு கேட்ட?" என்றான் பாலு.

"கேட்டாத்தானல உங்கப்பா பேசுவாவ."

பாலுவின் போன் கிர்ரென்றது. குரூப்பாகத்தான் இருக்கும். அவன் எடுக்கவில்லை.

அம்மா டிவியைப் பார்த்தபடியே சொன்னார். "தனக்கு நடந்ததுன்னு சொல்ல அவியளுக்கு வராது. அந்தப் பிள்ளைக்கு நடந்ததாச் சொல்லிட்டாவ. நானும் அப்படியே கேட்டுக்கிட்டேன். 'பாவம், ரெண்டு நாளா அந்தப் பிள்ள சாப்பிட்டாளோ என்னமோ'ன்னேன். 'சாப்பிட்டா, சாப்பிட்டா... அவ வீட்டுல அவள நல்லாப் பாத்துக்கிடுதாவ'ன்னாவ."

சொல்லிவிட்டு, இட்லித் தட்டைத் துடைக்க அடுக்களைக்குப் போய்விட்டார்.

எனக்கு அழுகை வந்தது. பாலு ஜன்னல் பக்கம் திரும்பி, கீழே அவன் கார் நன்றாகத்தான் நிற்கிறதா என்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் இருவருக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை நன்றாக ஞாபகம் இருக்கிறது. அம்மா அப்படிக் கேட்டதும், அப்பா அப்படிச் சொன்னதும் கூட. வெள்ளம் மறுபடி எப்போது வரும் என்று பாலு அவசரப்படுத்தியதும்.

இந்தக் காலத்துத் தொடர்களில் காதல் காட்சி ரொம்ப அதிகம் என்று ரசிகர்கள் புலம்புகிறார்கள். எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் வந்தது.

அதையும் நாங்கள் வெள்ளக் காட்சி என்று நினைத்துப் பார்த்துவிட்டோம்.