மூன்று ஈசிஜிக்குப் பிறகு வந்த கேள்வி

குமாரபாளையத்தில் வசிக்கும் எனக்கு, பாலம் தாண்டி பவானியில் ஜவுளிக்கடை வேலை. போன வருடம் ஒரு காலை, பஸ் பாலத்தின் நடுவே போகும்போது திடீரென நெஞ்சு படபடத்தது. மூச்சு முட்டி, கை மரத்து, செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் சரியாகிவிட்டது. இதேபோல மூன்று முறை வந்தது. மூன்று ஈசிஜியும் நார்மல். பஸ் ஏறவே பயந்து, வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தேன்.

ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியதால் நான் போய்ப் பார்த்த மனநல மருத்துவர், "இது பேனிக் டிஸார்டருங்க, காரணமில்லாம திடீர்னு பயம் வந்து நெஞ்சு படபடக்கற நோய். உங்க ஊட்டுல வேற யாருக்காச்சும் வருமா?" என்று கேட்டார். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களுக்கும் வர வாய்ப்பு கொஞ்சம் அதிகமாம். இல்லை என்றேன். ஆனாலும் கேள்வி மனதைக் குடைந்தது. லாரி ஓட்டும் அண்ணனுக்குப் போன் செய்து கேட்டேன்.

அவர், "எனக்கும் வருது அம்மிணி. வண்டிய ஓரங்கட்டிட்டு உக்காந்துக்குவேன். லாரிக்காரன் பயந்துக்கறான்னு சிரிப்பாங்கன்னுதான் சொல்லல" என்றார்.

இப்போது இருவருமே சிகிச்சைக்குப் போகிறோம். படபடப்பு வந்தால் நான் பஸ்ஸை விட்டு இறங்குவதில்லை. மூச்சை மெதுவாக விட்டபடி, அது அடங்கும்வரை கவனிக்கிறேன். சொந்தங்களிடம் கூச்சமில்லாமல் விசாரிக்கிறேன். நேற்று அத்தை மகள் மெல்லக் கேட்டாள்: "அப்ப எனக்கு வர்றதுக்கும் பேரெல்லாம் இருக்குதுங்களாக்கா?"