படத்தில் வெள்ளையாக இருந்த இடம்

தெரணியகலைக்கு மேலே, எங்கள் தோட்டத்தில் கிறேஸ் அக்கா இறப்பர் பால் வெட்டி வந்தார். விடியுமுன் மலைச்சரிவில் ஏறி, மரங்களில் கட்டியிருக்கும் சிரட்டைகளைத் துடைத்து, பட்டையைக் கீறிவிட்டு இறங்குவார். மழை பெய்தால் வெட்டு இல்லை. மழை நாட்கள் கூடக்கூட வேலை குறைந்தது. அதனால் அவர் கணவர் ரொபர்ட் பேருவளைக்குப் போய், ஆழ்கடல் படகொன்றில் சமையல்காரராகச் சேர்ந்தார்.

"நீச்சலே தெரியாது. மீனுக்குச் சோறாக்கப் போறாரு" என்று தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயமே கேலி செய்தது. அக்காவும் சேர்ந்து சிரித்தார்.

கார்த்திகையில் புயல் வந்தபோது அக்கா சிரிக்கவில்லை. தெற்கே போன ரொபர்ட்டின் படகிலிருந்து தகவல் இல்லை. மதியமே இருட்டியிருந்தது. பக்கத்து வீட்டு நிரோஷன் தன் த்ரீவீலில் எல்லாரையும் பாதுகாப்புக்காகப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டுத் திரும்பி வந்தான். லயத்தில் மிஞ்சியது அக்காவும் நானும்தான்.

"ஏறுங்க அக்கா, ஓடைத் தண்ணி கலங்கி வருது," என்றான் நிரோஷன்.

"சிக்னல் இந்த ஜன்னல்ல மட்டுந்தாண்டா இருக்கு. அவரு எடுத்தா என்ன பண்றது?"

கடலில் காற்று எப்படி என்று என்னைப் பார்க்கச் சொன்னார். என் போனில் அன்று காலை எடுத்த செய்மதிப் படம் ஒன்று கிடைத்தது. செய்மதி விண்ணிலிருந்து ராடார் அலைகளைக் கீழே அனுப்பும். மேகம் அவற்றைத் தடுக்காது. காற்று பலமாக அடித்தால் கடலின் மேற்பரப்பு சொரசொரப்பாகி, அந்த ராடார் அலைகள் கூடுதலாகத் திரும்பி வரும். அதை வைத்துக் காற்றின் வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். கிழக்கே புயலின் சிவப்பு வளையம், அதன் நடுவே ஒரு நீலப் பொட்டு. தெற்கே வெறும் நீலம்.

"நீலம்னா?"

"காத்து குறைவு அக்கா."

அவர் மூச்சு விட்டார். கேத்தலை எடுத்துக்கொண்டே சொன்னார்: "நம்ம பக்கம் அதவிட நல்லம். பாரு, வெள்ளை. காத்தே இல்ல."

நாடு முழுவதும் வெட்டியெடுத்த காகிதம்போல வெள்ளையாக இருந்தது.

"இல்லக்கா. இது கடலத்தான் அளக்கும். நெலத்துல அளக்க முடியாது. அதான் வெறுமையா விட்டிருக்காங்க."

கேத்தல் பிடித்த கை அப்படியே நின்றது. "அப்ப நம்ம தலைக்கு மேல என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியாதா?"

வெளியே காற்று அடங்கியிருந்தது. மழைக்கு நடுவே மேலிருந்து டக், டக் என்று கேட்டது. சிரட்டைகள் மரத்தில் மோதும் சத்தம். எட்டிப் பார்த்தோம்.

"கெள ஆடல," என்றார் அக்கா மெதுவாக. "மரத்தோட அடி ஆடுது."

கேத்தலைப் போட்டுவிட்டு நிரோஷனின் த்ரீவீலுக்கு ஓடினோம்.

மறுநாள் போய்ப் பார்த்தோம். லயத்தில் அக்காவின் அறை, அந்தக் காம்பரா இருந்த இடத்தில் இறப்பர் மரங்கள் நின்றன. மலை சரிந்தபோது மண்ணோடு மேலிருந்து இறங்கி வந்தவை, விழாமல், நேராக. சிரட்டைகள் கட்டியபடியே இருந்தன. ஒன்றில் பால் நிறைந்திருந்தது. அந்த வாரம் யாரும் வெட்டவில்லை; சரிவில் பட்டை கிழிந்து தானே கசிந்திருந்தது.

திரும்பும் வழியில் என் போனுக்கு ரொபர்ட் அண்ணனின் அழைப்பு வந்தது; அக்காவிடம் கொடுத்தேன்.

"இங்க கடலு கொளம் மாதிரி கெடக்கு. அங்க எப்படிப் புள்ள?"

அக்கா அந்த மரங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நின்றார். "நீங்க அங்கயே இருங்க," என்றார்.

அக்கா இப்போது வேறொரு மலையில் வெட்டுகிறார். சிரட்டையைத் துடைக்குமுன், ஒவ்வொரு மரத்தின் அடியிலும் கை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்கிறார்.