ஈரத் தலைப்பாகை

“பொண்ணு பொறந்ததால வராம இருக்கார்னு இல்ல. சம்பந்திக்கு உடம்பு சரியில்ல, அதான்.”

மளிகைக்கடை திலக்ராஜ் என்னிடம் கேட்டது, சர்க்கரை ஒரு கிலோவா ரெண்டு கிலோவா என்று மட்டும்தான். பொட்டலம் கட்டிய கையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் சொன்னதை நானே நம்பவில்லை என்று அவருக்குத் தெரிந்துபோயிருக்கும்.

பேத்தி பிறந்து அன்றைக்கு முப்பத்து நாலாவது நாள். என் மகள் லவ்லீனுக்குத் தலைப்பிரசவம், எங்கள் வீட்டில்தான். இப்படி ஒரு குழந்தையை இந்த ஊர் கண்டதில்லை. நான் சொல்லவில்லை, பிரசவம் பார்த்த நர்ஸம்மா சொன்னார். சரி, நானும் சொன்னேன். பிறக்கும்போதே காதை மூடிக்கொண்டு அவ்வளவு முடி. நாங்கள் சீக்கியர், அதில் ஒன்றைக்கூடக் கத்தரி தொடாது. அது தோளுக்கு இறங்கி, இடுப்புக்கு இறங்கி, இரட்டைச் சடை போட்டுப் பள்ளிக்கூடம் போகும் வரை நான் மனதில் பார்த்தாகிவிட்டது.

பேத்தி என்றாலும், பேரனுக்கு மூட்டுவதுபோலவே லோஹ்ரிப் பண்டிகை நெருப்பு மூட்டினோம். கடலையும் எள்ளுருண்டையும் தெரு முழுக்கக் கொடுத்தோம். ஊரில் வராத ஆள் ஒருவர்தான். குழந்தையின் இன்னொரு தாத்தா, என் சம்பந்தி அஜாயிப் சிங்.

அஜாயிப் சிங் பால்காரர். பக்கத்து ஊர், மூன்று கிலோமீட்டர். இருபத்து நாலு வயதில் லூதியானாவில் ஒரு நூல் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தாராம். மிஷினில் முடி மாட்டும், வெட்டிவிட்டு வா என்றார் மேஸ்திரி. இவர் அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். மாமனார் கொடுத்த ஒரு எருமையை வைத்துத் தொழில் ஆரம்பித்தார். இப்போது ஒன்பது எருமை. “இந்த வீடு, வண்டி, மகன் படிப்பு எல்லாம் இந்தக் கொண்டையிலேர்ந்து வந்தது” என்று தலைப்பாகையைத் தட்டிக் காட்டுவார். எட்டு வருடத்துக்கு முன் குருத்வாராவில் தீட்சையாக அமிர்தம் எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் மூன்று மணிக்குத் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் பிரார்த்தனைப் பாட்டு ஓதுவது என்று தானே ஒரு சபதம். கடும் பனியிலும் அப்படித்தான். நாலு மணிக்குப் பால் கேனைக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவார்.

சர்க்கரை வாங்கி வந்த அன்று சாயங்காலம் வாசலில் அந்த வண்டிச் சத்தம் கேட்டது. நான் ஓடினேன். அவர் இறங்கவில்லை. கேட்டுக்கு மேலாக ஒரு டப்பாவை நீட்டினார். நெய்யில் வறுத்த மாவும் பாதாமும், பிள்ளை பெற்றவளுக்கு.

“உள்ள வாங்க சம்பந்தி. பேத்தியப் பாருங்க.”

“எருமை கத்திக்கிட்டு இருக்கும், மேஜர் சாப்.”

என் பெயரே மேஜர் சிங். மோட்டார் பம்பு ரிப்பேர் பார்க்கிறவன், பட்டாளத்தை டீக்கடை டிவியில்தான் பார்த்திருக்கிறேன். இவர் கூப்பிடுவது எப்போதும் கேலியாகத்தான். அன்றைக்குக் கேலி இல்லை.

“எருமை முப்பது வருஷமா கத்துது. இவ இப்பத்தான் கத்த ஆரம்பிச்சிருக்கா.”

அவர் ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். உதட்டை அசைத்தார். வண்டியைத் திருப்பிக்கொண்டு போயே போய்விட்டார்.

உள்ளே லவ்லீன் டப்பாவைத் திறக்கவே இல்லை. “பையனா இருந்தா மாமா சுவர் ஏறிக் குதிச்சு வந்திருப்பார்ப்பா. நான் அந்த வீட்டுக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் திரும்பிப் போறது?” அவள் புருஷன் லாரியோடு குஜராத்தில். ‘அப்பாவுக்கு வேலை’ என்று போனில் அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை சண்டை போடவே கிளம்பினேன். பேச வேண்டியதை எல்லாம் சைக்கிளில் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

சம்பந்தியம்மா சிந்தர் கௌர் மாடிப்படியை மறித்து நின்றார். “மேல போகாதீங்கண்ணே.”

“ஏம்மா, பொண்ணப் பெத்தவன் மாடி ஏறக் கூடாதா?”

ஏறினேன். கயிற்றுக் கட்டிலில் அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். முடி முழுக்க அவிழ்ந்து கிடந்தது. முப்பது வருடப் பழக்கத்தில் அவர் தலையை அன்றுதான் திறந்து பார்க்கிறேன். பக்கத்தில் கிண்ணத்தில் வேப்பிலைத் தண்ணீர், மஞ்சள் ஏறிய பஞ்சு. நடு மண்டையில் இரண்டு புண். பிடரியில் வால்நட் அளவுக்கு ஒரு கட்டி, சீழ் கோத்து. ஈரத் துணியை மூட்டையில் மறந்துவிட்டால் வருமே, அந்த வாடை.

திரும்பிப் பார்க்காமலே சொன்னார். “பாத்தாச்சா? போய் டீக்கடையில சொல்லுங்க.”

சொல்லிப் பழகியது எல்லாம் எங்கே போனதோ. “எத்தன நாளா?” என்றுதான் வந்தது.

பின்னாலேயே வந்த சிந்தர் கௌர் பதில் சொன்னார். “நாலு மாசமாண்ணே. தலகாணி உறை தினம் ஒட்டிக்குது. கம்பவுண்டர்கிட்ட போனா, வழிச்சு எடுத்துட்டு வா, அப்புறம் மருந்து போடறேன்னுட்டார். அன்னைக்கு ராத்திரி இவர் சாப்பிடல.”

“அதுக்காகக் குழந்தையப் பாக்க வராம இருப்பாங்களா?”

இப்போது திரும்பினார். கண் சிவந்திருந்தது. “பச்ச உடம்பு, மேஜர் சாப். இது அவ தலையில தொத்திக்கிட்டா? அவளுக்கும் வழின்னு சொல்லுவாங்கல்ல? தாத்தனால பேத்திக்கு முடி போச்சுன்னு ஆகணுமா?”

நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். யாரும் கேட்காத கேள்விக்கு நான் ஊர் முழுக்கப் பதில் சொல்லிக்கொண்டு திரிந்தது நினைவு வந்தது.

அன்றைக்கே டவுனுக்குக் கூட்டிப் போனேன். தோல் டாக்டர் எங்கள் ஆள்தான், தலைப்பாகை கட்டிய பெண். கையுறை போட்டுக்கொண்டு மண்டை முழுக்க முடியை வகிர்ந்து வகிர்ந்து பார்த்தார்.

“எத்தன மணிக்குத் தலைக்குக் குளிக்கிறீங்க?”

“மூணு.”

“எப்ப தலைப்பாகை கட்டுவீங்க?”

“மூணரை. நாலுக்குப் பால் வண்டிம்மா.”

“எப்ப அவுப்பீங்க?”

“படுக்கப் போறப்ப.”

“ஒரு நாள்கூடக் காயறதில்ல. அஞ்சு மீட்டர் துணிக்குள்ள ஊறுது. ஒங்க எருமைய ஈரச் சாக்குல சுத்தி வைப்பீங்களா, பாபாஜி?”

அஜாயிப் சிங் தலை குனிந்தார். எருமை என்றதும் அவருக்கு விளங்கிவிட்டது.

மாத்திரை, தலைக்கு மருந்து, சொந்தமாக ஒரு சீப்பு, தலைப்பாகைக்கு உள்ளே கட்டும் துணியைத் தினமும் வெந்நீரில் அலசுவது. இதெல்லாம் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. வாரத்தில் இரண்டு நாள், பால் ஊற்றி முடித்த பிறகு மதியத்தில் மட்டும் தலைக்குக் குளிக்கவேண்டும், வெயிலில் நன்றாகக் காயவைத்துத்தான் கட்டவேண்டும் என்றதும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“சபதம் பண்ணியிருக்கேன்மா. அழுக்குத் தலையோட குரு முன்னாடி நிக்கச் சொல்றீங்களா?”

“இப்ப சீழ்த் தலையோட நிக்கிறீங்களே.”

வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள். அவர் கதவு வரை போய்த் திரும்பினார். பிறகு உட்கார்ந்தார்.

“தொத்துமா?” என்றேன் நான்.

“தலைய மூடிக்கிட்டு, கைய சோப்புப் போட்டுக் கழுவினா பயமில்ல. ஆனா இந்தக் கட்டி பதினஞ்சு நாள்ல வத்தணும். இல்லன்னா சுத்தி ஒரு ரூபாக் காசு அகலத்துக்கு முடிய வெட்டிட்டுத்தான் கீறணும்.”

பயமில்லை என்று டாக்டரே சொல்லியும் அவர் குழந்தையிடம் வரவில்லை. “கட்டி வத்தட்டும்.” லவ்லீனிடம் நான் எல்லாம் சொன்னேன். அந்த டப்பாவைத் திறந்து ஒரே மூச்சில் அரை டப்பா தின்றாள், அழுதுகொண்டே. தலைக்குக் குளிக்கும் நாளில் மதியம் நான் அவர் மாடிக்குப் போய்விடுவேன். வெயிலில் முடியை விரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பார், கூச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டு. பக்கத்து மாடியில் துணி காயப்போட யாராவது வந்தால் போர்வையை இழுத்துக்கொள்வார். விடியற்காலையில் தலை நனையாமல் ஓதும்போது நாக்கு தடுக்குகிறது என்றார். மேலே இருந்த இரண்டு புண்ணும் காய்ந்தன. கட்டி அப்படியேதான் இருந்தது.

இன்று பதினைந்தாம் நாள். பதினோரு மணிக்கு டாக்டர். ஒன்பது மணிக்கே எங்கள் வாசலில் வண்டி நின்றது. இந்தத் தடவை இறங்கினார். நேராகக் கைப்பம்புக்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டார். கழுவினார். மறுபடி போட்டார். லவ்லீன் குழந்தையோடு வாசற்படியில் வந்து நின்றாள். அவர்களைப் பார்த்ததும் அவர் மூன்றாவது தடவையும் சோப்பை எடுத்தார்.

“போதும் சம்பந்தி, தோல் உரிஞ்சிடும்” என்றேன். “பிடரி எப்படியிருக்கு?”

அவர் தலைப்பாகையின் பின்பக்கத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு அந்தக் கையையும் கழுவிவிட்டு, இரண்டையும் நீட்டினார்.

“பதினோரு மணிக்கு என்ன ஆகும்னு தெரியல, மேஜர் சாப். இப்பவே குடுங்க அவள. முடி வெட்டாத முழுத் தலையோட ஒரு தடவ தூக்கிக்கறேன்.”