கட்டுகஸ்தோட்டைப் பாலத்துத் தண்ணீர்

என் அலுமாரிக்கு மேல் ஒரு பழைய சோடாப் போத்தல் இருக்கிறது. உள்ளே மகாவலித் தண்ணீர். மேலே தெளிந்து, அடியில் இரண்டு விரல் உயரத்துக்குச் செம்மண் படிந்திருக்கிறது. இந்தப் போத்தலை வைத்துக்கொண்டு கண்டிச் சந்தையில் இருந்தபடியே கடல் பார்த்தவர் என் மச்சான். என் ராத்தாவைக் கலியாணம் முடித்து மூதூரிலிருந்து அக்குறணைக்கு வந்தவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நானும் அவரும் கூட்டாக மீன் கடை நடத்தினோம். மலைநாட்டு மீன்காரனுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பவர்களிடம் நான் இன்றும் அடித்துச் சொல்வேன், கடற்கரையில் வீடு கட்டியிருந்தவர்களை விட எங்களுக்கு அதிகம் தெரிந்திருந்தது.

வைகாசியில் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பினால் மேற்குக் கரையில் தோணிகள் மணலில் ஏறிவிடும். கரையோரத்துக் கடலடிப் பாறைகளுக்குப் 'பார்' என்று பெயர். அலை கொந்தளிக்கும் அந்த மாதங்களில் அங்கே பார்களில் தூண்டில் போட யாராலும் முடியாது. அதே நாட்களில் திருகோணமலைப் பக்கம் கடல் அசையாமல் கிடக்கும். மார்கழி வந்தால் எல்லாம் தலைகீழ். ஆகவே பாதி வருடம் எங்கள் மீன் கொழும்பிலிருந்து ரயிலில் வரும், மீதிப் பாதி ஐஸும் மரத்தூளும் போட்ட பெட்டிகளில் மாத்தளை வழியாக லொறியில் வரும். இவ்வளவும் சந்தையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. மச்சான் அதற்கும் மேலே ஒன்று பார்த்தார். கடைக்குப் போகிற வழியில் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் இறங்கிப் போத்தலில் தண்ணீர் பிடிப்பார். கடையில் வைத்து மண் படியும்வரை விட்டுவிடுவார்.

"ஒங்கட மழை எங்கட கடல்லதான் மச்சான் போய் விழுது" என்பார். கண்டி மலைகளில் கொட்டிய மழை ஐந்தாறு நாளில் மூதூரடியில் கடலைக் கலக்கும். நீர் கலங்கினால் பாரில் கலவாய் மீன் தூண்டிலைத் திரும்பியும் பார்க்காது. மண் இரண்டு விரலைத் தொட்டால் மச்சான் மூதூரை விட்டுவிட்டு, ஆற்று நீர் எட்டாத நிலாவெளிக்கு ஓடர் அனுப்புவார். எனக்குத் தெரிய அவர் பார்வை ஒரு தடவையும் தப்பவில்லை.

என் கலியாணம் ஒரு சோளகக் காலத்தில் நிச்சயமானது. பெண் கண்டியில் புடவைக் கடைக்காரரின் மகள். மீன் விற்பவனுக்கா பெண் கொடுக்கிறாய் என்று அவருடைய ஆட்கள் முகம் சுளித்திருந்தார்கள். மாமா அதைச் சட்டை செய்யாமல், "எல்லாரும் ஆட்டெறச்சி போடுவாங்க. எங்கட சஹன் தட்டுல கலவாய் இருக்கோணும் மாப்புள" என்றார். நான் மார்தட்டிக்கொண்டு ஒப்புக்கொண்டேன். கலியாண விருந்துக்கு முந்திய கிழமை முழுதும் விடாத மழை. மச்சான் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மூதூர் வேணாம். நிலாவெளிக்குத் தந்தி அடிங்க" என்றார்.

மூதூரில் எங்களுக்கு மீன் பிடித்தவர் மச்சானின் சொந்த நானா. காணிப் பங்கில் இருவருக்கும் மனத்தாங்கல் என்பது எனக்குத் தெரியும். வன்மத்தைப் போத்தலில் ஊற்றிப் பேசுகிறார் என்று நினைத்துவிட்டேன். கலியாணத்துக்குச் சொந்தத்தை ஒதுக்குவது எங்கள் பழக்கமில்லை. மீனும் வரும், அண்ணனும் தம்பியும் ஒட்டிக்கொள்வார்கள் என்று கணக்குப் போட்டு, அவரிடம் சொல்லாமல் மூதூருக்கே தந்தி அடித்தேன்.

விருந்தன்று காலையில் பெட்டியைத் திறந்தால் அத்தனையும் கெளுத்தி. கலங்கல் தண்ணீரைத் தேடி ஆற்று வாய்க்கு வருகிற மீன். பாவம், அந்த நானா கிடைத்ததை அனுப்பியிருந்தார். பெட்டியில் இருந்த மூதூர்ச் சீட்டை மச்சான் வாசித்தார், மடித்து மடியில் வைத்தார். கெளுத்தியைத் தன் கையாலேயே துப்புரவாக்கிப் புளி கரைத்து ஆக்கினார்.

நடுப்பகலில் கண்டி ஆட்கள் ஆறாறு பேராகச் சஹன் தட்டுகளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். "கலவாய் எங்க மாப்புள?" என்று மாமா கேட்டார். பக்கத்தில் ஒருவர் இருமுவதுபோலச் சிரித்தார். நான் சஹனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சான் சட்டியோடு முன்னால் வந்தார்.

"அவர்ல பிழையில்ல மாமா. ஆத்தப் பாத்துச் சொன்னது நான்தான். பிழைச்சிட்டு" என்றபடி முதல் துண்டை மாமாவின் பக்கம் வைத்தார். மாமா சாப்பிட்டார், இன்னொரு துண்டும் கேட்டு வாங்கினார்.

அதற்குப் பிறகு வருடக்கணக்காகச் சந்தையில், "என்ன நானா, போத்தல் என்ன செல்லுது?" என்று அவரைக் கிண்டல் பண்ணினார்கள். அவர் சிரித்துக்கொண்டு தராசைப் பிடிப்பார். பக்கத்தில் நின்று நானும் சிரித்தேன். என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற சிரிப்பு அது ஒன்றுதான். மச்சான் மௌத்தாகி அடக்கம் முடிந்த அன்று ராத்தாவிடம் போத்தலை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன்.

இப்போது ஐஸ் வண்டிகள் எல்லாக் கரையிலிருந்தும் வருகின்றன. ஆற்றைப் பார்க்க யாருக்கும் தேவையில்லை. நான் மட்டும் சோளகத்தில் பாலத்தடிக்குப் போய் வருகிறேன். போன கிழமை போத்தலை நிரப்பிக்கொண்டு வந்து மண் படியவிட்டு, இத்தனை காலம் கழித்து என் மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"வாப்பாக்கு அண்டைக்கே வெளங்கிட்டு. பிழை செஞ்சவன் சஹன்ட மொகத்தப் பாத்துட்டு இருந்தானாம். செய்யாதவர் எங்கட மொகத்தப் பாத்துப் பேசினாராம். அந்த மச்சான் இருக்கிற ஊட்டுக்குத்தான் புள்ளயக் குடுத்தேன் எண்டு செல்லுவாரு."

நான் போத்தலைப் பார்த்தேன். மண் இரண்டு விரல் உயரத்துக்குப் படிந்திருந்தது. சந்தைக்குப் போய்க் கெளுத்தி வாங்கி வந்தேன்.