கடைசி அசைவு

அலுவலகத்தில் அவரைப் பூட்டு சார் என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. நூலகங்களுக்கு மென்பொருள் செய்துகொடுக்கும் சின்னக் கம்பெனி அது. இருபத்து மூன்று வருடம் முன்பு தட்டச்சு வேலைக்கு வந்தவர், பக்கத்து மேசைக்காரர் செய்வதை எட்டி எட்டிப் பார்த்தே நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். வாசல் கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நான்காவது முறையும் இழுத்துப் பார்க்கிற ஆசாமி. அப்படிப்பட்டவர் தலையில் அந்த வேலை வந்து விழுந்ததில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

வேலை இதுதான். ஒரு நூலகத்தில் ஊழியர் கணினியைத் திறந்தபடி விட்டுவிட்டு எழுந்து போக, யாரோ புகுந்து முந்நூறு புத்தகங்களின் விவரத்தை அழித்துவிட்டார்கள். முதலாளி கூப்பிட்டுச் சொன்னார்: பதினைந்து நிமிடம் யாரும் மவுஸையோ விசைப்பலகையையோ தொடவில்லை என்றால் திரை தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும், மறுபடி கடவுச்சொல் போட்டால்தான் திறக்க வேண்டும்.

சோதித்துப் பார்க்க வீட்டிலேயே ஆள் இருந்தது. அவருடைய மனைவி அதே கம்பெனிக்காக வீட்டிலிருந்தபடி நூலகங்களின் பழைய புத்தக விவர அட்டைகளைப் பார்த்துத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். அவள் கணினியில் புதிய பதிப்பைப் போட்டார். 'கடைசி அசைவு' எத்தனை மணிக்கு, அதற்குப் பிறகு எத்தனை நிமிடம் சும்மா கிடக்கிறது என்று அது அவருடைய அலுவலகத் திரைக்கு ஓயாமல் தகவல் அனுப்பும்.

"நான் அட்டையைப் படிச்சு யோசிச்சுட்டு உக்காந்திருக்கேனா, எழுந்து போயிட்டேனான்னு அதுக்கு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டாள்.

"தெரியாது. ரெண்டும் அதுக்கு ஒண்ணுதான்."

"அப்போ உங்களை மாதிரியேதான்னு சொல்லுங்க."

வாய்க்கு வாய் இப்படித்தான். ஆனால் அவள் விஷயத்தில் அவருக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. இரண்டு வருடமாக அவளுக்கு ரத்தக்கொதிப்பு. கவனமாக இல்லாவிட்டால் எந்த நேரமும் ஆளைக் கவிழ்த்துவிடும் என்று மருத்துவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். ஊரின் மறுகோடியில் வாழ்க்கைப்பட்ட மகள்தான் ஒரு வழி சொன்னாள். "அப்பா, தினமும் பதினொண்ணேகாலுக்கு ஒரு போன் போடுங்க. மாத்திரை போட்டாச்சான்னு கேட்ட மாதிரியும் ஆச்சு, அம்மா நல்லா இருக்காளான்னு தெரிஞ்ச மாதிரியும் ஆச்சு." இரண்டு வருடத்தில் ஒரு நாள் தவறவில்லை மனிதர். அவளும் அதட்டிக்கொண்டே போனை எடுப்பாள்.

இதற்கிடையில் அந்தப் பாழாய்ப்போன பூட்டு வேலை செய்யவில்லை. அவள் குளிக்கப் போனாலும் சரி, கடைக்குப் போனாலும் சரி, திரை திறந்தே கிடந்தது. ஆறு நாள் மண்டையை உடைத்துக்கொண்டபின் காரணம் பிடிபட்டது. மவுஸ் இருந்தது கண்ணாடி மேசை மேல். தெருவில் லாரி போனால் மேசை லேசாக அதிரும். மவுஸ் அசைந்துவிட்டதாக எண்ணி மென்பொருள் முதலிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். மயிரிழை அசைவையெல்லாம் கணக்கில் எடுக்காதே என்று நிரலில் எழுதினார். மறுநாள் நூலகக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு தடவையாவது அது பூட்டியே ஆக வேண்டும்.

"இன்னைக்காவது எழுந்து போனா ஒரு இருபது நிமிஷம் போயிடு. சும்மா சும்மா வந்து மவுஸை ஆட்டாத" என்று காலையில் கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

"சரிங்க சாமி, கிட்டயே வரமாட்டேன். கிளம்புங்க."

பதினொன்று ஐந்துக்குக் கடைசி அசைவு. அப்புறம் ஒன்றும் இல்லை. ஐந்து நிமிடம், ஏழு நிமிடம். அத்தனை லாரி போகும் நேரத்திலும் எண்ணிக்கை அறுபடவில்லை. ஒன்பதைத் தாண்டியதும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

மணி பதினொன்றேகால். கை பழக்கத்தில் போனை எடுத்தது. ஆனால் அவள் பேசும்போது மறு கை தானாக மவுஸுக்குப் போய்விடும். இருபத்தேழு வருடக் குடித்தனத்தில் இதுகூடவா தெரியாது? இன்னும் ஐந்தே நிமிடம்தானே என்று போனைக் கவிழ்த்து வைத்தார்.

பதினொன்று இருபதுக்குத் திரை பூட்டிக்கொண்டது. மனிதர் சின்னப் பையன்போலக் கை தட்டினார். முதலாளி வந்தார், எல்லாருக்கும் விளக்கச் சொன்னார், முதுகில் தட்டினார். அப்புறம் சாப்பாடு, அப்புறம் கூட்டம். போன் கவிழ்ந்தே கிடந்தது. நான்கு மணிக்குத் தற்செயலாகப் பார்த்தபோது அவள் திரை இன்னும் பூட்டியபடியே இருந்தது.

"கல்யாணம் ஆன நாளா இன்னைக்குத்தான் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கா" என்று பக்கத்து மேசையில் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக அவர் பிற்பாடு தன்னை மன்னிக்கவே இல்லை.

ஆறு மணிக்குக் கதவைத் திறந்தபோது அவள் நாற்காலிக்குக் கீழே ஒருக்களித்துக் கிடந்தாள். மூச்சு இருந்தது, பேச்சு இல்லை. ஆஸ்பத்திரிக்கு மகள் ஓடி வந்தாள்.

"மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"வீட்ல யாருமே இல்ல டாக்டர். எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் மகள்.

"பதினொண்ணு அஞ்சு" என்றார் அவர். "முப்பத்திரண்டாவது செகண்ட்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டு மணி நேரத்துல கொண்டு வந்திருந்தா ஏதாவது பண்ணிப் பாத்திருக்கலாம் சார்."

மறுநாள் மதியம் அவள் போய்விட்டாள். வந்தவர்கள் எல்லாரும், தனியாக இருந்த நேரத்தில் வந்துவிட்டது, உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று ஆறுதல் சொன்னார்கள். ஒவ்வொரு ஆறுதலும் அவரை அறுத்தது. தலையை மட்டும் ஆட்டினார்.

ஐந்தாம் நாள், துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்த மகள் கேட்டாள். "டாக்டர்கிட்ட செகண்ட் முதற்கொண்டு சொன்னீங்களே, எப்படிப்பா?"

பிறகு கணினியில் பார்த்துத் தெரிந்துகொண்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவளும் நம்பியிருப்பாள். பெற்ற பெண்ணிடம் அதற்கு அவருக்கு மனசு வரவில்லை. கண்ணாடி மேசை, லாரி, கை தட்டியது என்று ஒன்றுவிடாமல் சொன்னார்.

"பதினொண்ணேகாலுக்கு போன்?"

"கையில எடுத்தேம்மா. நான் பேசினா மவுஸைத் தொட்டுடுவா, டெஸ்ட் கெட்டுடும்னு வச்சுட்டேன்."

மகள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மடித்துக்கொண்டிருந்த புடவையை அப்படியே மடியில் போட்டுக்கொண்டாள்.

"அம்மா அந்த போனை எடுத்திருக்க மாட்டாளேப்பா" என்றாள். "எடுக்கலைன்னா நீங்க ஓடியிருப்பீங்களே."