அக்காவின் புதுப் பாஸ்போர்ட்

லண்டனில் இருக்கும் அக்கா என் மகளின் கல்யாணத்துக்கு சிட்னி வருவதாக இருந்தது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்பதால், ஆஸ்திரேலிய விசாவை இணையத்தில் ஒரே நாளில் எடுத்துவிட்டார். அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. கருவாடு வேண்டாம், மிளகாய்த்தூள் கொண்டுவந்தால் சுங்கப் படிவத்தில் மறைக்காமல் எழுதிக் கொடுங்கள் என்று நாள் தவறாமல் போன் எடுத்து அரித்தேன்.

அவரின் பாஸ்போர்ட் இன்னும் நான்கு மாதம்தான் செல்லும் என்று ஒருநாள் தெரியவந்தது. ஆறு மாதமாவது இருக்கவேண்டும் என்று கோயிலில் யாரோ சொன்ன ஞாபகம். விசாரிக்கப் பொறுமையில்லை; அதட்டாத குறையாகப் புதுப்பிக்க வைத்தேன்.

அக்கா புறப்படும் நாள், இங்கே சிட்னியில், நான் இருக்கும் லிட்கமில் காலை. தேத்தண்ணியைக் கையில் எடுக்கப் போன் அடித்தது.

"தம்பி, எனக்கு விசா இல்லையாம். கவுண்டரில மறிச்சுப்போட்டினம்."

"பழைய பாஸ்போர்ட்டைக் காட்டுங்கோ அக்கா, அதிலதானே விசா எடுத்தனீங்கள்!"

"அது இனிச் செல்லாதாம். புது நம்பருக்கு விசாவை மாத்தியிருக்க வேணுமாம். நீ அதைச் சொல்லேல்லையே?"

சொல்லவில்லைதான். விமானம் அக்காவை விட்டுவிட்டுப் பறந்தது. ஆஸ்திரேலியாவுக்கு அந்த ஆறு மாதக் கணக்கே இல்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது.

முறையான தாள் ஒன்றும் இல்லாமல் இந்த நாட்டுக்குள் வந்தவன் நான். அன்று பிடித்த பயம் இன்னும் விடவில்லை. எல்லாத் தாளும் சரியாக வைத்திருந்த அக்காவை மறித்தது அந்தப் பயம்தான்.